கழுத்தில் தங்கிய அலுமினிய வளையம்

எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடத்தின் அறிவியல் டீச்சர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடுகிறார்களாம். கண்ணாடியை எப்படிச் செய்கிறார்கள், உடைந்தால் அது என்ன ஆகிறது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். "பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி, கொஞ்சம் இனிமையா எழுதுங்கம்மா" என்றார். புரிகிற மாதிரி எழுதுவேன். இனிமையாக எழுத எனக்கு வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே இனிமையாகப் பேசினால் யார் காதிலும் விழாது. மெஷின் சத்தம் அப்படி.

ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. அதே வாரம் பழைய பேப்பர்காரர் வந்தார். ஒரு கோணிப்பை நிறைய ஜாம் பாட்டில், சாஸ் பாட்டில் சேர்த்து வைத்திருந்தேன். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"கண்ணாடியெல்லாம் எடுக்கறதில்லம்மா. பிளாஸ்டிக் கீதா?"

"ஏன்யா, கண்ணாடிக்கு என்ன கேடு?"

"என்னாண்ட ஏன் கத்துற? நான் இன்னா பண்ணுவேன்? வெயிட்டு ஜாஸ்தி, வாங்கறவன் இல்ல. குப்பவண்டில போட்டுடு."

அவரைத் திட்டி அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்தால் அவர் மேல் தப்பில்லை. ஆனால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாமல் மறுபடி பாட்டிலாகிற ஒரு பொருளைக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். பிள்ளைகளே, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கண்ணாடி மணலிலிருந்து வருகிறது. ஆற்று மணல் இல்லை, சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும் வேறு மணல். மணலைத் தனியாக உருக்க அடங்காத சூடு வேண்டும். சோடா உப்பு சேர்த்தால் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே உருகும். ஆனால் அந்த இரண்டை மட்டும் உருக்கினால் தண்ணீரில் கரைகிற கண்ணாடிதான் கிடைக்கும். அதில் மோர் ஊற்றி வைத்தால் உங்கள் வயிற்றுக்குக் கண்ணாடியும் சேர்ந்து போகும். அதனால் சுண்ணாம்புக்கல்லைத் தூளாக்கிச் சேர்ப்பார்கள். அது சேர்ந்தால்தான் கண்ணாடி கரையாமல் நிற்கும்.

நாலாவதாக ஒன்று உண்டு. உடைந்த கண்ணாடி. நாங்கள் உடைசல் என்போம். ஏற்கெனவே ஒரு தடவை கண்ணாடி ஆகிவிட்டதால் உடைசல் சீக்கிரம் உருகும். உருகும்போது மணலையும் கூடச் சேர்த்து இழுத்துக்கொள்ளும். உடைசல் கூடக் கூட உலைக்கு எண்ணெய் மிச்சம். நான் வேலை பார்த்தது அந்த உடைசல் யார்டில்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். அப்போதுதான் கல்யாணமாகி மண்ணூர்ப்பேட்டைக்கு வந்திருந்தேன். வேலை கற்றுக்கொண்ட கதையைச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் கை முழுக்க வெட்டு. இரண்டாவது வாரம் கன்னியம்மாக்கா பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி என் விரல்களில் மாட்டிவிட்டார். அதோடு பயிற்சி முடிந்தது. கன்னியம்மாக்கா யார்டிலேயே மூத்தவர். பட்டரவாக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் ஒன்று ஊரே சிரிக்கும், அல்லது ஊரே சண்டைக்கு வரும்.

லாரி உடைசலைக் கொண்டுவந்து கொட்டும். நாங்கள் எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பிரிப்போம். வெள்ளை ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். நிறம் கலந்தால் வெள்ளைப் பாட்டில் அழுக்குத் தண்ணீர் மாதிரி வரும். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, டியூப் லைட்டு எதுவும் சேரக்கூடாது. இரும்பு மூடியைக் காந்தத்தால் இழுப்போம். எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி பீங்கான். ஊறுகாய் ஜாடித் துண்டு, டீக்கடைக் கப்பின் காது, ஃப்யூஸ் கட்டை. இவையெல்லாம் உலையில் உருகாது. வெள்ளைக் கல்லாகப் பாட்டிலின் உடம்பில் உட்கார்ந்துகொள்ளும். சூடு மாறும்போது அந்த இடத்தில் பாட்டில் வெடிக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், டீச்சர் பரீட்சையில் கேட்பார். சோடா பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்புவது மறுபயன்பாடு. உடைந்ததை உருக்கிப் புதிதாகச் செய்வது மறுசுழற்சி. முதலாவதுதான் உசத்தி, அதற்கு உலையே வேண்டாம். முழு பாட்டிலை வேண்டுமென்றே உடைக்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்.

இனி ஜெபமணி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மணல், சோடா, சுண்ணாம்பு, உடைசல் எல்லாவற்றையும் கலந்து உலைக்கு அனுப்பும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. எங்கள் யார்டும் அவருக்குக் கீழே. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒல்லியாக, மேல் பட்டன் வரை போட்ட சட்டையோடு இருப்பார். நாற்காலி இருந்தும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மற்ற ஆபீசர்கள் எங்களை 'ஏய்', 'இந்தா' என்று கூப்பிடுவார்கள். அவர் 'வாங்க, போங்க' என்பார். அதனால் நல்லவர் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதையாகப் பேசிக்கொண்டே உயிரை எடுப்பார்.

ஒரு நாள் ரப்பர் செருப்போடு வேலைக்கு வந்தேன். பூட்ஸ் நனைந்திருந்தது. வாசலிலேயே நிறுத்தினார்.

"என்னம்மா, கடற்கரைக்கா போறீங்க? வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க."

"ஒரு நாள் சம்பளம் போயிடும் சார்."

"கால் போனா?"

நான் கத்தினேன். யார்டே திரும்பிப் பார்த்தது. அவர் நான் கத்தி முடிக்கும் வரை நின்று கேட்டார். "சரிம்மா, நாளைக்கு வாங்க" என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டிலைப் பார்ப்பதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. இரண்டு விரலால் கழுத்தைப் பிடிப்பார். சூரியனுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் தூக்குவார். முதலில் அடி, பிறகு தோள், பிறகு வாய். மெதுவாக ஒரு முழுச் சுற்று. பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. ஒரு பக்கமாகச் சுற்றும்போது ஒளிந்துகொள்கிற கீறல் மறுபக்கம் சுற்றும்போது மின்னும். எங்களையும் அப்படித்தான் பார்க்க வைத்தார். "பார்த்தேன் சார், நல்லா கீது" என்று கன்னியம்மாக்கா சொன்னால் விட மாட்டார். "பாத்தேன்னு சொல்லாதீங்கம்மா. என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க" என்பார்.

"இன்னாத்த சொல்றது? பாட்டிலப் பாத்தேன்!" என்று அக்கா முணுமுணுப்பார். ஆனால் சொல்லுவார். தோளில் ஒரு குமிழ், வாயில் ஒரு மடிப்பு என்று வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொண்டோம். பின்னாளில் நான் பாட்டில் பரிசோதிக்கும் பிரிவுக்குப் போனபோது இந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

பிரச்சினை எண்பதுகளின் கடைசியில் வந்தது. பிள்ளைகளுக்கான இருமல் மருந்து நிரப்பும் ஒரு கம்பெனிக்குப் பழுப்புப் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுடுநீரில் கழுவும்போது பாட்டில்கள் விரிசல் விடுகின்றனவாம். நினைத்துப் பாருங்கள். கழுவும்போதே உடைந்தால் பரவாயில்லை. மருந்து ஊற்றி மூடிய பிறகு உள்ளே ஒரு சில்லு உதிர்ந்தால்? அதைக் குடிக்கப் போவது ஒரு குழந்தை.

விரிசலின் நடுவில் ஒவ்வொன்றிலும் கடுகு அளவில் பளபளப்பாக ஒரு குண்டு இருந்தது. சாம்பல் நிறம். பீங்கான் கல் இப்படி இருக்காது. காந்தம் வைத்தால் ஒட்டவில்லை, அதனால் இரும்பும் இல்லை. மேனேஜர் அதைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார். ஈயம், யார்டில் பெண்கள் அரட்டை அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்றார். குமணன்சாவடியில் ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார், அவரே உடைசலைப் பிரித்து, கழுவி, லாரியில் அனுப்புவார், இங்கே யார்டை மூடிவிடலாம் என்றும் சொன்னார். யார்டை மூடினால் நாங்கள் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்களில் யாரும் நிரந்தரம் இல்லை.

செய்தி சேகர் மூலமாக வந்தது. சேகர் ஆவடிப் பையன். எங்கள் யார்டிலிருந்து உடைசலைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் உலையின் வாயில் கலவையோடு சேர்த்துக் கொட்டுவது அவன் வேலை. என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவன், வாய் மட்டும் பெரிசு.

"இன்னா குப்பமேட்டு மகாராணிங்களா, சீக்கிரம் சாப்ட்டு முடிங்க. உங்க ராஜ்ஜியம் போவப் போவுதாம்."

"உன் வாயில நெருப்ப வெக்க" என்றார் கன்னியம்மாக்கா. "யாருடா சொன்னது?"

"மேனேஜர் ரூமாண்ட நின்னுகினு இருந்தேன், காதுல வுழுந்துச்சு. சத்தியமாக்கா." அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜெபமணி சார் மத்தியானம் யார்டுக்கு வந்தார். கையில் கைக்குட்டை. அதில் அந்தக் குண்டுகள் நாலைந்து. ஒன்றை எடுத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினார். நொறுங்கியது.

"ஈயம்னா நசுங்கணும். இது நொறுங்குது. அப்ப ஈயம் இல்ல" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. லேபுக்குப் போனார்.

லேபில் இருந்தவர் நன்றாகப் படித்த பையன். அவர்தான் சோதனை செய்து அது என்ன என்று கண்டுபிடித்தார். சிலிக்கான். மணலின் உள்ளே இருக்கிற பொருள். மணல் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் கை கோத்துக்கொண்டிருப்பது. இரண்டையும் யாரோ பிரித்திருக்கிறார்கள். யார் பிரித்தது என்று இருவரும் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார்கள். அலுமினியம் என்று இருந்தது.

அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மேல் அப்படி ஒரு வெறி. உலையில் விழுந்து உருகியதும் பக்கத்தில் இருக்கும் மணலிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். தனியாக விடப்பட்ட சிலிக்கான் குண்டாகத் திரண்டு பாட்டிலுக்குள் மாட்டிக்கொள்ளும். பாட்டில் ஆறும்போது கண்ணாடி நன்றாகச் சுருங்கும், குண்டு அவ்வளவு சுருங்காது. அதைச் சுற்றிக் கண்ணாடி இழுபட்டுக்கொண்டே இருக்கும். சுடுநீர் பட்டதும் விட்டுவிடும்.

அலுமினியம் எப்படி வந்தது? கவனமாகக் கேளுங்கள். அந்தச் சமயத்தில்தான் மருந்துப் பாட்டிலுக்குத் திருகினால் உடையும் அலுமினிய மூடி பரவலாக வந்தது. மூடியைத் திருகினால் மூடி தனியாக வரும், அடியில் ஒரு மெல்லிய வளையம் பாட்டிலின் கழுத்திலேயே தங்கிவிடும். உங்கள் வீட்டு மருந்துப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள், இருக்கும். அந்தக் கழுத்துகள் உடைசலோடு உடைசலாக வந்தன. நாங்கள் வளையத்தைப் பார்த்தோம். பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். ஏனென்றால் அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உருகாததுதான் எதிரி, உருகுவது ஆபத்தில்லை. அலுமினியம் கண்ணாடிக்கு வெகுமுன்பே உருகிவிடும். உருகிக் கலந்து காணாமல் போய்விடும் என்று எல்லோரும் நம்பினோம்.

அப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, ஜெபமணி சார். அந்த மூடி புதிதாக வந்த சமயத்தில் கன்னியம்மாக்கா ஒரு கழுத்தைத் தூக்கிக் காட்டி, "இத்த இன்னா பண்றது சார்?" என்று கேட்டார். "அது உருகிரும்மா, விட்டுருங்க. பீங்கானைப் பாருங்க, அதான் முக்கியம்" என்றார் அவர். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். குண்டுக்குக் காரணம் அலுமினியம் என்ற செய்தி லேபிலிருந்து அன்று மாலையே யார்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் யார்டிலேயே நிற்க வைத்தார். அவர், ஜெபமணி சார், லேப் பையன், பின்னால் கான்ட்ராக்டர். கான்ட்ராக்டர் எங்கள் ஷெட்டை இடம் அளக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஒரு கழுத்தை எடுத்து வளையத்தைக் காட்டி, "இது கண்ணுக்குத் தெரியலையா? தெரிஞ்சும் விட்டீங்களா?" என்றார்.

எனக்குக் கொதித்தது. மரியாதையாகப் பேசுகிற இந்த ஜெபமணி சார் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆபீசர்கள் அப்படித்தான் செய்து பார்த்திருக்கிறேன். அவர் விடச் சொன்னதை நானே எல்லார் முன்னாலும் சொல்லி அவர் மானத்தை வாங்குவது என்று இரவே முடிவு செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"அவங்க கேட்டாங்க சார். நான்தான் விடச் சொன்னேன்."

மேனேஜருக்குப் புரியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"அலுமினியம் உருகிரும், விட்டுருங்கன்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது சார். நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. இதைச் செய்யாதீங்கன்னு சொன்னா அதையும் செய்வாங்க."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூட வைத்த ஒரே மனிதர் அவர்தான். எத்தனை வருஷமானாலும் அந்த நன்றி எனக்குக் குறையாது. அவர் சும்மா நின்றிருந்தாலே தப்பித்திருப்பார். நான் கத்தியிருப்பேன். கோபக்காரி, வேலை போகப் போகிற ஆத்திரத்தில் உளறுகிறாள் என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான்.

மேனேஜர் முகம் சிவந்தது. ஜெபமணி சாரைத் தனியாகக் கூட்டிப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்த ஜெபமணி சார், "இருக்குற குவியல் முழுக்க மறுபடி பாக்கணும்மா. அதுக்கப்புறமும் குண்டு வந்தா யார்டை மூடிருவாங்க. வரலைன்னா நீங்க இருப்பீங்க. அவ்வளவுதான் என்னால வாங்க முடிஞ்சது" என்றார்.

பழுப்பு உடைசல் ஒரு வீடு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பிரித்து முடித்த குவியல்.

"முடிச்சதயே மறுபடி செய்யணுமா? இன்னா சார் விளையாடறியா?" என்றார் கன்னியம்மாக்கா.

"முதல்ல ஒண்ணு காட்டுறேன், வாங்க" என்று எங்களை உலைக்கு அழைத்துப் போனார். அத்தனை வருஷத்தில் நாங்கள் உலைப்பக்கம் போனதே இல்லை. பெண்கள் வந்தால் உலைக்கு ஆகாது என்று அங்கிருந்த ஆண்களுக்கு ஒரு எண்ணம். பெரிய மேஸ்திரி வழியில் நின்றார். "பூஜை போட்ட இடம் சார்" என்றார். "அவங்க பிரிச்சுத் தர்றதைத்தானய்யா தினமும் உள்ள போடுற?" என்று கேட்டுவிட்டு ஜெபமணி சார் நடந்துகொண்டே இருந்தார். மேஸ்திரி விலகினார்.

உலையின் சுவரில் சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் கண் போய்விடும். அதனால் கருநீலக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொருவராகப் பார்த்தோம். ஒரு குளம். நெருப்பால் ஆன குளம். ஆயிரத்து ஐந்நூறு டிகிரி. எங்கள் உடைசல் அதன் ஓரத்தில் குட்டித் தீவுகளாக மிதந்து, ஓரம் கரைந்து, மூழ்கிக்கொண்டிருந்தது.

"அடியே, கூழு காய்ச்சுற மாதிரி கொதிக்குதுடி!" என்றார் கன்னியம்மாக்கா. நீலக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றார்.

குளத்தின் அந்தக் கோடியில் உருகிய கண்ணாடிப் பாகு மெதுவாக வழிந்து, கத்தரி வெட்டி, நெருப்புத் துளியாகக் கீழே விழும். ஒவ்வொரு துளியும் ஒரு பாட்டில். துளி இரும்பு அச்சுக்குள் விழும். காற்று உள்ளே ஊதும். கண்ணை மூடித் திறப்பதற்குள் சிவந்த பாட்டில் வெளியே நிற்கும். அதை அப்படியே விட்டால் வெடிக்கும். வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறும், உள்பக்கம் ஆறாது, இரண்டும் சண்டை போடும். அதனால் ஒரு நீளமான சூட்டுச் சுரங்கத்துக்குள் ஊர்ந்து போக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுவார்கள். சுரங்கத்தின் மறுமுனையில் கையில் எடுக்கிற சூட்டில் வெளியே வரும். ஜெபமணி சார் ஒன்றை எடுத்துக் கன்னியம்மாக்கா கையில் கொடுத்தார். யார்டில் வேலை பார்த்த எங்களில் யாரும் அதுவரை புதுப் பாட்டிலைச் சூட்டோடு தொட்டதில்லை. யாரும் சொல்லாமலே அக்கா அதை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா பாத்தீங்க?" என்றேன் நான்.

"குண்டு. இந்தா, தோள்ல" என்றார். முகம் விழுந்துவிட்டது.

யார்டின் பழுப்புக் குவியலில் மறுநாளே உட்கார்ந்தோம். சித்திரை வெயில். ஒவ்வொரு கழுத்தையும் கையில் எடுத்து, வளையத்தை ஒரு வளைந்த கம்பியால் நெம்பி எடுத்தோம். கம்பி வளைத்துக் கொடுத்தவன் சேகர். மகாராணி என்பதை விட்டிருந்தான். வரவில்லை என்றால் கழுத்தையே தனியாக எறிந்தோம். ஜெபமணி சாரும் குனிந்து எங்களோடு பொறுக்கினார். டியூபைச் சரியாக மாட்டத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டார். "கால் போனா?" என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

பிரித்த உடைசல் உலைக்குப் போனது. அடுத்த நாளும் குண்டு வந்தது. மேனேஜர் பாட்டிலைக் கொண்டுவந்து ஜெபமணி சார் மேஜையில் வைத்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?" உலைத் தொட்டியில் பழைய பாகு இருக்கிறது, அது வெளியே போய்ப் புதுப் பாகு வருவதற்கு நாளாகும் என்று இவர் சொன்னார். அது உண்மைதான். உலை என்பது டம்ளர் இல்லை, கவிழ்த்துக் கொட்டிவிட்டு நிரப்புவதற்கு. ஆனால் உண்மையாக இருந்தாலும் சாக்கு மாதிரிதான் கேட்டது. கான்ட்ராக்டரின் லாரி கேட் வரை வந்து நின்றுவிட்டுப் போனது. நாங்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தோம். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் சேகர் ஓடி வந்து சொல்வான்: "இன்னிக்கும் கீது." பிறகு, "கம்மியா கீது." பிறகு ஒரு நாள் ஓடாமல் நடந்து வந்தான். எதிரில் உட்கார்ந்தான்.

"இல்லக்கா" என்றான். "ஒண்ணுகூட இல்ல."

கன்னியம்மாக்கா சோற்றுக் கையோடு அவன் தலையில் ஒரு அடி வைத்தார். "இத்த சொல்றதுக்கு இவ்ளோ மெதுவா வர்ற, மாடே!"

மருந்துக் கம்பெனி மறுபடி பாட்டில் எடுத்தது. யார்டு மூடப்படவில்லை. நாங்கள் எட்டுப் பேரும் இருந்தோம். நான் பிற்பாடு நிரந்தரமாகி, தொண்ணூறுகளில் பரிசோதனைப் பிரிவுக்குப் போனேன். அந்த வேலையில்தான் வீடு கட்டினோம், என் பெண் படித்தாள். ஜெபமணி சாருக்கு அடுத்து வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. அன்றைக்குப் பேசியதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அவரிடம் ஒரு தடவை கேட்டேன். "பீங்கானைப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யார்டு தப்பிய மறுவாரம் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதுவரை சேகர் நேரே வருவான், உடைசலை அள்ளுவான், போவான். இனி அப்படி இல்லை. வண்டியை நிறைத்த பிறகு யார்டில் அன்றைய பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் "போகலாமா?" என்று கேட்க வேண்டும். அவள் போகலாம் என்று சொன்னால்தான் உலைக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்காகவும் போகக்கூடாது, மேனேஜருக்காகவும். இதை மேஸ்திரியை வைத்துக்கொண்டே சொன்னார்.

முதல் நாள் பொறுப்பு எனக்கு. சேகர் வண்டியை நிறைத்தான். அந்தப் பக்கம் உலை காத்திருந்தது. கலவை போகத் தாமதமானால் உலைத் தொட்டியில் பாகின் மட்டம் இறங்கும், பாட்டிலின் எடை மாறும், கத்துவார்கள். அது எனக்கும் தெரியும். மேஸ்திரி வாசலில் வந்து நின்று கையை ஆட்டினார். ஜெபமணி சார் கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"போலாமாக்கா?" என்றான் சேகர்.

வண்டிக்குள் கையை விட்டேன். அடியிலிருந்து ஒரு கழுத்து வந்தது. வளையம் இருந்தது.

"இரு" என்றேன்.

மேஸ்திரி ஏதோ கத்தினார். ஜெபமணி சார் அவர் பக்கம் திரும்பவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. "கொட்டுப்பா" என்றார் சேகரிடம். சேகர் வண்டியைத் தரையில் கவிழ்த்தான். எட்டுப் பேரும் உட்கார்ந்தோம்.